வேகனின் அடிப்பக்கம்

அந்த நகவெட்டியை முதல்ல பைக்குள்ள வைங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. உங்க விரல், உங்க நகம், நீங்க வெட்டிக்கலாம், ரயில்ல நகம் வெட்டக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா என் கண்ணு முன்னால வேணாம். அந்த 'டிக் டிக்'குங்கற சத்தம் கேட்டாலே எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுது. சாவிக்கொத்துலயே மாட்டி வச்சிருக்கீங்களா? சரி, சட்டைப் பையில போட்டுக்கங்க. ம்.

அப்புறம் இந்தப் பெட்டி மேல கையை ஊன்றாதீங்க. மேல தூக்கி வைக்கட்டுமான்னு அப்பவே கேட்டீங்க, நல்ல மனசுதான், இல்லேங்கல. ஆனா முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் என் பெட்டியைத் தூக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆசைப்படணும்னு எனக்கு ஒரு யோசனை ஓடிச்சு. தப்பா நினைக்காதீங்க. தொழில் புத்தி.

பொன்மலையில டி.எக்ஸ்.ஆரா இருந்தவன் நான். நாகலிங்கம்னா யார்டுல எல்லாருக்கும் தெரியும். டி.எக்ஸ்.ஆர்னா வண்டியைச் சோதனை பண்றவன். டிரைவர் வண்டியை ஓட்டுவான், கார்டு கொடி காட்டுவான், நாங்க வண்டியைச் சந்தேகப்படுவோம். சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படறதுக்குத்தான். கூட்ஸ் வண்டி உள்ள வரும்போது தண்டவாளத்துக்குப் பக்கத்துல குந்திக்குவோம். ஒவ்வொரு சக்கரமா பார்க்கணும், காது கொடுத்துக் கேக்கணும், மோப்பம் பிடிக்கணும். மோப்பம் எதுக்குன்னா, பிரேக் பைண்டிங்னு ஒண்ணு உண்டு. பிரேக் கட்டை சக்கரத்தை விடாம கவ்விக்கிட்டே இருக்கும். வண்டி என்னவோ ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா உள்ளுக்குள்ள தேயும், சூடாகும், கருகல் வாசனை வரும். அந்த வாசனையை வண்டி பிளாட்பாரம் தொடறதுக்கு முன்னாலயே சொல்லிடுவேன் நான். உடனே அந்த வேகன்ல சிக் லேபிள் ஒட்டி, தனியா கழட்டி விட்டுடுவோம். சிக்னா உடம்பு சரியில்லாத வண்டி. அதிகாரி வந்து கெஞ்சினாலும் லேபிளைக் கிழிக்க மாட்டேன். வெளுத்ததெல்லாம் பால்னு நம்புற ஆள் நான் இல்ல.

பெட்டியில என்னன்னுதானே கேக்கறீங்க? ஏன், தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? சும்மாவா? ம். சும்மா கேக்கறவங்ககிட்டத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். நீங்க எதுவரைக்கும்? கரூரா? வீட்டு விசேஷத்துக்குத் துண்டும் போர்வையும் எடுக்கப் போறீங்களா. சரி, அப்ப சொல்லலாம். எப்படியும் இறங்கிடுவீங்க.

பெட்டிக்குள்ள இருக்கறது கூட்ஸ் வண்டி. சிரிக்காதீங்க. நிலக்கரி ஏத்துற வேகன் இருக்கு, டேங்கர் இருக்கு, கடைசியா மாட்டுற கார்டு பெட்டி இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு சாண் கூட வராது. எல்லாம் இந்தக் கையால செஞ்சது. ரிட்டையர் ஆனேன், வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தா, பொண்ணு வீட்டோட வந்து இருக்கேன். டி.வி. பார்க்க எனக்குப் பிடிக்காது, எல்லாம் பொய். பித்தளைத் தகடும் கம்பியும் வாங்கி ஒரு நிலக்கரி வேகனைச் செஞ்சு பார்த்தேன். கதவு, கொண்டி, ஏணிப்படி, ஆணித்தலை ஒவ்வொண்ணும். கவுத்துப் போட்டா அடியில பிரேக் சிலிண்டர், இழுகம்பி, பிரேக் கட்டை, எல்லாம் நிஜ வண்டியில எங்க இருக்குமோ அங்க இருக்கும். சக்கரத்துக்கும் கட்டைக்கும் நடுவுல ஒரு தாள் போகற இடைவெளி, அவ்வளவுதான். தொட்டும் தொடாமலும் இருக்கணும். ஏன்னா வேகனோட உயிர் அடியிலதான் இருக்கு. மேல இருக்கறது வெறும் டப்பா.

என் மாப்பிள்ளை பேரு செழியன். பாலிடெக்னிக்ல டிராயிங் சொல்லித் தர்றார். மரியாதையான ஆள், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அதுவே எனக்குக் கல்யாணத்தப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு குறை கூடவா இருக்காது ஒரு மனுஷனுக்கு? எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கார்னுதானே அர்த்தம்?

அவர் ஒரு நாள் என் வேகனைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டார். "மாமா, இதை விக்கலாம் மாமா. இந்த மாதிரி ரயில் வச்சு விளையாடற பெரிய மனுஷங்க ஊர் ஊருக்கு இருக்காங்க. வெளிநாட்டு வண்டிதான் கிடைக்குது. நம்ம ஊர் கூட்ஸ் கிடைக்காம அலையறாங்க"ன்னார். புகழ்ச்சி வந்தாலே பின்னாடி ஏதோ வருதுன்னு அர்த்தம். ஆனாலும் சரின்னேன். படம் எடுத்துப் போனுல போட்டார். திருநெல்வேலியிலேர்ந்து ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். விலையைச் சொன்னதும் "அவ்வளவா!"ன்னார். பின்ன? ஒரு வேகன் விலைக்கு ஒரு மிக்ஸி வாங்கிடலாம். மாசத்துக்கு ஒண்ணுதானே என்னால செய்ய முடியும்!

அந்த டாக்டர் என்ன சொன்னார்னு மாப்பிள்ளை என்கிட்ட வந்து சொன்னார். "ஒரு வேகன் அழகா இருந்து என்ன சார் பண்றது, கூட்ஸ் வண்டின்னா நீளமா இருக்க வேண்டாமா, கேட்டைச் சாத்திட்டா எப்ப முடியும் எப்ப முடியும்னு ஜனங்க சலிச்சுக்கணும், அதுதானே கூட்ஸு"ன்னாராம். "நாற்பது வேகன் இந்த விலைக்கு வாங்கினா நான் ஆஸ்பத்திரியை விக்கணும்"ன்னாராம்.

அது நியாயமான பேச்சுதான். நானும் கேட்ல நின்னவன்தான். ஆனா அதுக்கு மாப்பிள்ளை சொன்ன வழியைக் கேளுங்க. "வேகனோட உடம்புக் கூட்டை நான் 3டி பிரிண்டர் மிஷின்ல பிளாஸ்டிக்கா அச்சடிச்சுத் தந்துடறேன் மாமா. ரெண்டு பிரியாணி காசுல ஒரு கூடு வந்துடும். வெளியில தெரியற கொண்டி, ஏணி, கைப்பிடி, எழுத்து, அதெல்லாம் நீங்க போடுங்க. உங்க கை பட்டாத்தான் அது உயிரா தெரியும். ஆனா அடிப்பக்கத்துல சிலிண்டரும் ஓரத்துல தெரியற கம்பியும் மட்டும் போதும். உள்ள இருக்கற இழுகம்பி எல்லாம் வேணாம். பாதி விலைக்குக் கொடுத்துடலாம்."

"ஏன் வேணாம்?"

"அடியில யார் மாமா பார்க்கப் போறா?"

யார் பார்க்கப் போறா! ஒரு டி.எக்ஸ்.ஆரைப் பார்த்து இந்தக் கேள்வி கேக்கலாமா தம்பி? காலம் பூரா அடியில குனிஞ்சு பார்த்தே முதுகு வளைஞ்சவன் நான். "நான் பார்ப்பேன்"ன்னேன். "என் கையில செஞ்ச வண்டி அடியில வெறுமையா போகாது. என் பேர் கெட்டுடும்"ன்னேன்.

அவர் என்ன பண்ணினார் தெரியுமா? சண்டை போடலை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. "சரி மாமா, உங்க இஷ்டம். கூடு மிஷின்ல, மத்ததெல்லாம் நீங்க"ன்னுட்டார். எனக்கு முதல் சந்தேகம் அங்கதான் வந்துச்சு. ஒரு மனுஷன் இவ்வளவு சுளுவா ஒத்துக்கறான்னா அவன் ஒத்துக்கலைன்னு அர்த்தம்.

அப்புறம் வேலை ஓடிச்சு. நான் கீழ என் ரூம்ல உட்கார்ந்து செய்வேன். ஜன்னல் மேடையில நேரா ஒரு தண்டவாளம் ஒட்டி வச்சிருக்கேன், அதுல தள்ளிப் பார்ப்பேன். வழுக்கிக்கிட்டு ஓடும். சுண்டி விட்டா அந்தக் கோடி போய் முட்டும். ஓ.கே. பார்த்து, அடியில ஊசியால என் குறியைக் கீறி, மேல அனுப்பிடுவேன். மாடியில மாப்பிள்ளை பெயிண்ட் அடிச்சு, ஓட்டிப் பார்த்து, பார்சல் கட்டுவார். நான் மாடி ஏறறதில்ல. முழங்கால் கேக்காது.

விலை ஒண்ணும் பாதியா குறையல, ஆனா முன்னைக்கு இறங்கிச்சு. வேகன் வாங்கறதுக்கு ஆள் வந்தாங்க. டாக்டர் வாங்கினார். இன்னும் பலபேர் வாங்கினாங்க. நல்லாத்தானே போகுதுன்னு கேக்கறீங்களா? அதான் இல்ல. எல்லாம் நல்லாப் போகுதுன்னாத்தான் குனிஞ்சு பார்க்கணும்.

முதல்ல நகவெட்டி. கூடத்துல அலமாரி ஆணியில தொங்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தேடறேன், இல்ல. தேன்மொழி, அதான் என் பொண்ணு, "அவர் மாடிக்கு எடுத்துட்டுப் போனார்ப்பா"ன்னா. மறு ஞாயிறும் இல்ல. அதுக்கு அடுத்ததும் இல்ல. ஒரு மனுஷனுக்கு எத்தனை நகம் தம்பி வளரும்? கீழ உட்கார்ந்து வெட்டிக்க மாட்டாரா? மாடியில கதவைச் சாத்திக்கிட்டு வெட்டிக்கறதுக்கு அது என்ன ரகசியமான நகம்?

குளித்தலை வந்துடுச்சு போல. முறுக்கு வேணும்னா வாங்கிக்கங்க, எனக்கு வேணாம். வித்துக்கிட்டே போறான் பாருங்க, அவன் எண்ணெய் என்ன எண்ணெயோ.

எங்க விட்டேன்? ஆங், போன். ஒரு நாள் படிக்கட்டு கிட்ட செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கறேன். மேல மாப்பிள்ளை பேசறது காதுல விழுது. நான் ஒட்டுக் கேக்கல, காது இருக்கு, கேட்டுச்சு. "ஆமா டாக்டர், வளைவுல நின்னுடுச்சா, தெரியும் தெரியும். அந்த ரெண்டையும் திருப்பி அனுப்பிடுங்க, நான் பார்த்துச் சரி பண்ணிடறேன். அது முதல்ல அனுப்பினது, இப்ப போறதெல்லாம் நானே பார்த்துட்டுத்தான் அனுப்பறேன். இல்லைங்க, பெரியவருக்குத் தெரிய வேணாம். மனசு விட்டுடுவார்"ங்கறார். பெரியவர்னா நான்தான். எனக்குத் தெரியக் கூடாதுன்னு என்னைப் பத்தியே ஒரு சதி என் தலைக்கு மேல நடக்குது. நான் அவர் வீட்டுச் சோறு சாப்பிடறேன்ல, அந்த இளக்காரம்.

கேக்க வேண்டியதுதானேன்னு பார்க்கறீங்க. டி.எக்ஸ்.ஆர். கேக்க மாட்டான். வேகன்கிட்ட போய் "உனக்கு என்ன வலிக்குது"ன்னு கேப்போமா? பார்ப்போம், கேப்போம், லேபிள் ஒட்டுவோம். அன்னையிலேர்ந்து நான் மாப்பிள்ளையைப் பார்க்க ஆரம்பிச்சேன். சாப்பிடும்போது பார்ப்பேன். மோட்டார் சைக்கிளை வெளியில எடுக்கும்போது பார்ப்பேன். தேன்மொழிக்குப் பொறுக்கல. "அப்பா, இந்த வீட்ல மனுஷங்கதான் இருக்கோம், வேகன் இல்ல. எல்லாரையும் அடியில குனிஞ்சு குனிஞ்சு பார்க்காதீங்க"ன்னா. அவளுக்கும் தெரியும் போலன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு எனக்கு. இல்லேன்னா எதுக்கு அவ்வளவு கோவம் வரணும்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

போன மாசம் ரெண்டு பேரும் ஒரு வளைகாப்புக்கு லால்குடி போனாங்க. நான் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டே ஒவ்வொரு படியா ஏறிட்டேன். மாடியில அந்த மிஷின் இருக்கு. நடுவுல ஒரு மேஜை. மேஜை மேல வட்டமா தண்டவாளம், சாப்பாட்டுத் தட்டு மாதிரி அவ்வளவு சின்ன வட்டம். நிஜத்துல அப்படி ஒரு லைன் எங்க இருக்கு? அந்த மாதிரி வளைவைப் போட்டவனை சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. அதை விடுங்க. ஓரத்துல, கோயம்புத்தூர்ல நடக்கப் போற சின்ன ரயில் கண்காட்சிக்குப் போக வேண்டிய வேகன் எல்லாம் பெயிண்ட் அடிச்சு வரிசையா நிக்குது. ஒண்ணை எடுத்துக் கவுத்தேன்.

வெட்டி இருந்துச்சு தம்பி. நடுவுல போகற இழுகம்பி, சுத்தமா வெட்டி இருந்துச்சு. இன்னொண்ணு எடுத்தேன், வெட்டி இருக்கு. டேங்கர், வெட்டி இருக்கு. ஓரத்துல வெளியில தெரியறதைத் தொடல, உள்ள இருக்கறதை மட்டும் வெட்டியிருக்கு. என் குறிக்குப் பக்கத்துலயே. பக்கத்துல என்ன கிடக்குதுங்கறீங்க? நகவெட்டி.

அங்க இருந்த நாற்காலியில உட்கார்ந்துட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, வீட்டுக்காரி போனப்பகூட நான் அப்படி உட்கார்ந்ததில்ல. ஒவ்வொரு கம்பியும் மெழுகு மாதிரி தேய்ச்சு, வளைச்சு, ஈயம் வச்சுப் பத்த வச்சது. கண்ணு பூளை தள்ளற வயசுல.

மேஜை டிராயரை இழுத்தேன். ஒரு பழைய பல்பொடி டப்பா. உள்ள வெட்டின கம்பி எல்லாம் இருக்கு. சும்மா போட்டு வைக்கல, தம்பி. ஒவ்வொரு வேகன் கம்பியையும் தனித்தனியா தாள்ல மடிச்சு, மேல வேகன் நம்பரை எழுதி, களிம்பு ஏறாம இருக்க லேசா எண்ணெய் தடவி வச்சிருக்கார். திருடனுக்கு எவ்வளவு நிதானம் பாருங்க!

எதுக்கு அப்படிப் பத்திரமா வைக்கணும்னு கேக்கறீங்களா? விக்கத்தான். வேற எதுக்கு? பித்தளை என்ன விலை விக்குது! இல்லைன்னா, அடிப்பக்கம் இல்லாமலே வண்டி விலை போகுதுன்னு ஒரு நாள் என் முகத்துக்கு நேரா நிரூபிக்கறதுக்கு. "பார்த்தீங்களா மாமா, யாரும் குனிஞ்சு பார்க்கல"ன்னு சொல்றதுக்கு. அன்னைக்கு ஒத்துக்கிட்டார்ல, அது இதுக்குத்தான். நீ தடுக்குல பாய்ஞ்சா நான் கோலத்துல பாய்வேன்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.

டப்பாவோட வேகன் எல்லாத்தையும் கீழ என் ரூமுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். "கண்காட்சிக்கு முன்னால நான் ஒரு தடவை பார்த்துடறேன்"ன்னு மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை முகம் மாறிச்சு. "எதுக்கு மாமா சிரமம், எல்லாம் சரியாத்தானே இருக்கு"ன்னார். "இருக்கட்டும்"ன்னேன். "மாமா, ஒண்ணு சொல்லணும்"ன்னார். "சொல்ல வேணாம்"ன்னேன். பிடிபட்டவன் சொல்ற கதையெல்லாம் நான் யார்டுல நிறையக் கேட்டுட்டேன். ராத்திரி பகல் பார்க்காம அத்தனை கம்பியையும் திரும்பப் பத்த வச்சேன். ஜன்னல் மேடையில தள்ளிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. இன்னைக்குக் காலையில மாப்பிள்ளை குளிக்கப் போன சமயம் பார்த்துப் பெட்டியைக் கட்டிக்கிட்டேன். கிளம்பறதுக்கு முன்னால சாக்பீஸ் எடுத்து அவர் மோட்டார் சைக்கிள் டேங்க்ல பெரிசா 'சிக்'னு எழுதிட்டு வந்துட்டேன். காபிகூடக் குடிக்கல.

நாளைக்குக் கோயம்புத்தூர்ல ஒரு கல்யாண மண்டபம் எடுத்து இந்தச் சின்ன ரயில் வச்சு விளையாடறவங்க எல்லாம் கூடறாங்க. மண்டபம் நிறைய மேஜையைப் போட்டு, சுத்திச் சுத்தி வளைச்சு வளைச்சு லைன் போட்டிருப்பாங்களாம். அந்தப் பல் டாக்டர்கூட வர்றார். எல்லார் முன்னாலயும் என் கூட்ஸை ஓட விடப் போறேன். ஓட விட்டுட்டு, ஒவ்வொண்ணா கவுத்துக் காட்டப் போறேன். "இதுதான் நாகலிங்கம் வண்டி, வெட்டினது வேற ஆள்"னு சொல்லிட்டு, போத்தனூர்ல மதலைமுத்துன்னு எங்க பழைய கார்டு ஒருத்தர் தனியா இருக்கார், அவரோட போய் இருந்துடப் போறேன். பையில வேட்டி இருக்கு, மாத்திரை இருக்கு. திரும்பிப் போறதா இல்ல. பொண்ணு அழுவா. அழட்டும்.

இதோ அடிக்குது பாருங்க போன். அவதான். திருச்சி தாண்டினதுலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருக்கா. எடுக்க மாட்டேன். அடிச்சு ஓயட்டும்.

பார்க்கணுமா? பார்க்கறதுன்னா... கையைத் துடைச்சுக்கங்க முதல்ல. கைக்குட்டையால துடைங்க, சட்டையில இல்ல. ம், இந்தாங்க. நிலக்கரி வேகன். பக்கத்துல பிடிங்க, மேல பிடிக்காதீங்க. கவுத்துப் பாருங்க. பார்த்தீங்களா? இது சிலிண்டர். இது இழுகம்பி. இது கட்டை. இதோ இந்த நாலு சக்கரமும் ஒரு சட்டத்துல இருக்குல்ல, அதை நாங்க ட்ராலின்னு சொல்வோம். இந்தக் கோடியில ஒரு ட்ராலி, அந்தக் கோடியில ஒரு ட்ராலி. சக்கரத்தைச் சுண்டிப் பாருங்க. சுத்துதா? எவ்வளவு நேரம் சுத்துது பாருங்க. மாப்பிள்ளை மிஷினுக்கு வருமா இது?

என்ன பண்றீங்க? ட்ராலியை எதுக்கு விரலால திருப்பறீங்க? திரும்புதான்னு பார்த்தீங்களா. திரும்பத்தான் செய்யும், வளைவுல போக வேண்டாமா. சரி, சுண்டுங்க.

நின்னுடுச்சா? இருக்காது. உங்க விரல் பட்டிருக்கும். விரலை எடுத்துட்டுச் சுண்டுங்க.

இங்க கொடுங்க. நீங்க ரொம்பத் திருப்பறீங்க. நிஜத்துல எந்த வளைவுலயும் ட்ராலி இவ்வளவு திரும்பாது. நிஜ லைன்ல வளைவுங்கறது மைல் கணக்குல இழுத்துக்கிட்டுப் போகும், ட்ராலி அசையறது கண்ணுக்கே தெரியாது. ஆயிரக்கணக்குல வண்டி பார்த்திருக்கேன் நான், எனக்கா சொல்றீங்க? இதோ, கொஞ்சமா திருப்பறேன். இந்த அளவு. சுண்டறேன்.

ம்.

ஒரு நிமிஷம். தம்பி, உண்மையைச் சொல்லுங்க. செழியனை உங்களுக்குத் தெரியுமா? அவர் அனுப்பிச்சாரா உங்களை? கரூருக்குத் துண்டு எடுக்கப் போறவருக்கு ட்ராலியைத் திருப்பிப் பார்க்கணும்னு எப்படித் தோணுச்சு? யாரோ சொல்லிக் கொடுக்காமலா? சும்மா திருப்பினீங்களா. சும்மா. நகவெட்டியோட என் எதிர்ல வந்து உட்கார்ந்ததும் சும்மா, பெட்டியைத் தூக்க வந்ததும் சும்மா. ஏங்க, கோவிச்சுக்கிட்டு எழுந்திரிக்காதீங்க. உட்காருங்க. உட்காருங்கன்னா. வேற எதையாவது பார்ப்போம். இந்த டேங்கரைப் பிடிங்க.

இதுவும் முட்டுது.

கார்டு பெட்டி. இதுவும்தான். கட்டையில முட்டல, நடுவுல போகற கம்பியில முட்டுது. சக்கரம் திரும்பி வந்து கம்பியில கவ்விக்குது. நேரா இருந்தா விட்டுடுது, திரும்பினா கவ்விக்குது. என் ஜன்னல் மேடை நேர் லைன்.

பிரேக் பைண்டிங்.

எத்தனை வேகனைக் கழட்டி விட்டிருக்கேன் இதுக்காக! வண்டி உள்ள வரும்போதே சொல்லிடுவேன்னு சொன்னேன்ல உங்ககிட்ட. 'வளைவுல நின்னுடுச்சா டாக்டர்'னு அவர் சொன்னது என் காதுலதான் விழுந்துச்சு. 'நின்னுடுச்சா'ங்கறது எனக்குக் கேக்கவே இல்ல பாருங்க, 'பெரியவருக்குத் தெரிய வேணாம்'ங்கறது மட்டும் கேட்டுச்சு. நாளைக்கு அந்த மண்டபத்துல... அத்தனை பேர் முன்னால... முதல் வளைவுலயே என் கூட்ஸ் மொத்தமும் அப்படியே நின்னிருக்கும். நான் வேற கவுத்துக் காட்டி, இது நாகலிங்கம் வண்டின்னு மைக்குல சொல்லியிருப்பேன்.

தண்ணி இருக்கா? இல்ல, என் பாட்டில்லயே இருக்கு.

மாயனூரா இது? காவிரியில தண்ணி போகுது. போகட்டும்.

மறுபடி அடிக்கிறா. இருங்க, எடுக்கறேன். ஹலோ. ம். இல்ல, சாப்பிடல. மாயனூர் வந்துட்டேன். அழாத. அழாதங்கறேன்ல தேனு. நல்லாத்தான் இருக்கேன். மாப்பிள்ளை காலேஜுக்குப் போயிட்டாரா? போகலையா? கொடு அவர்கிட்ட.

மாப்பிள்ளை. நான்தான். நீங்க ஒண்ணும் பேச வேணாம், கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு வேகனுக்கு எது எது வெட்டுவீங்க? நடுக்கம்பி மட்டுமா? ரெண்டு முனையிலயுமா? கட்டையைத் தொட மாட்டீங்க. சிலிண்டரைத் தொட மாட்டீங்க. டேங்கருக்கும் அதேதானா? ம். ஓரத்துலேர்ந்து பார்த்தா தெரியாதா? ம். எல்லாம் சரி. ஏன் என்கிட்ட சொல்லல நீங்க? ஒத்தை வார்த்தை, ஏன் சொல்லல?

ம்.

ம். சரி. வைக்கட்டுமா.

என்ன சொன்னார்னு கேக்க மாட்டேங்கறீங்களே தம்பி, நல்ல ஆள் நீங்க. "உங்க வண்டிக்கு நான் எப்படி மாமா சிக் லேபிள் ஒட்டுவேன்"ங்கறார். அப்படிச் சொல்றார். "ஒவ்வொரு கம்பியை வெட்டும்போதும் என் விரலை வெட்டற மாதிரி இருந்துச்சு, அதான் குப்பையில போட மனசு வராம எடுத்து வச்சேன், என்னைக்காவது பெரிய வளைவா ஒரு லைன் போட்டா உங்க கையாலயே திரும்ப ஒட்டிக்கலாம்னு இருந்தேன்"ங்கறார்.

பேச்சைப் பாருங்க. எவ்வளவு இனிப்பா பேசறார்! ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நல்லதையே இவ்வளவு ஒளிச்சுச் செய்யற மனுஷன், வேற என்னென்ன ஒளிச்சு வச்சிருப்பார்? கேக்காம விடப் போறதில்ல நான். நாளைக்குக் காலையில முதல் வண்டிக்கு மண்டபத்துக்கு வந்துடறேன்னார். வரட்டும், நேர்ல வச்சுக் கேக்கறேன். வரும்போது என் ரூம்ல கிடக்கற அந்தப் பல்பொடி டப்பாவை எடுத்துட்டு வரணும்னு சொல்லணும், இப்ப சொல்ல மறந்துட்டேன். வெட்டினா போட்டு வைக்க வேணாமா? இங்க தாள் ஏதாவது இருந்தா கொடுங்க, அதுவரைக்கும் மடிச்சு வைக்கலாம். முறுக்கு கட்டின தாளா? எண்ணெய் இருந்தா நல்லதுதான், களிம்பு ஏறாது.

கரூர் வர இன்னும் நேரம் இருக்குல்ல? அந்த நகவெட்டியைக் கொஞ்சம் கொடுங்க தம்பி. நீங்க இறங்கறதுக்குள்ள ரெண்டு மூணாவது முடிச்சுடறேன், மிச்சத்தை அவர் வந்து வெட்டட்டும். வேகனை மட்டும் கவுத்து அசையாம பிடிச்சுக்கங்க, ரயில் கொஞ்சம் ஆடுது.

என்னங்க, சாவியை எதுக்குத் தனியா கழட்டறீங்க? என் மேல சந்தேகமா?